சுற்றி வர முடியாத ஏரி

கோனிக்சே ஏரியைச் சுற்றிப் பார்க்கலாம். சுற்றி வர முடியாது. கரையோரமாகச் சாலை கிடையாது. முழுச் சுற்று நடந்து வர ஒற்றையடிப் பாதையும் கிடையாது. பெரும்பாலான இடங்களில் தண்ணீரிலிருந்தே பாறை செங்குத்தாகக் கிளம்பிவிடுகிறது, கால் வைக்க இடமில்லை. ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரியாவுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் பெர்க்டஸ்காடன் வட்டாரத்தில், கடல் மட்டத்துக்கு 603 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீளம் 7.7 கிலோமீட்டர். மிக அகலமான இடத்திலும் அகலம் ஒன்றேகால் கிலோமீட்டருக்குள்தான். ஆழம் மட்டும் 190 மீட்டர். பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளம் அது. உள்ளே போக வேண்டுமானால் படகு ஏற வேண்டும், அல்லது மலையேறத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஐவரில் மலையேறத் தெரிந்தவர் யாருமில்லை.

ஐவர் என்பதற்குக் காரணம் பயணச்சீட்டு. மியூனிக்கில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பனுக்கு விடுதியில் வைத்த பெயர் ‘கணக்கு’. மெஸ் பில்லைப் பைசா சுத்தமாகப் பிரித்தவன். இருபது வருடமாகியும் குணம் மாறவில்லை. பவேரியா முழுக்க உள்ளூர் ரயில், பேருந்தில் ஒரு நாள் சுற்ற ‘பயர்ன் டிக்கெட்’ என்று ஒன்று உண்டு. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம். வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். “ஆறாவது ஆள் வந்தா இன்னொரு டிக்கெட்டுடா. அதான் யாரையும் கூப்பிடல” என்றான். அவன், அவன் மனைவி, அவர்கள் மாடிவீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி, நான். செப்டம்பர் மாதச் சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே ரயில் ஏறினோம்.

ஃப்ரைலாசிங்கில் வண்டி மாறி, உப்புக்குப் பேர்போன பாட் ரைகன்ஹால் வழியாகச் சின்ன ரயிலில் வளைந்து வளைந்து ஏறினால் பெர்க்டஸ்காடன். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பிரம்மாண்டமான ரயில் நிலையம். நாஜிகள் காலத்தில் கட்டியது. மேலே ஓபர்சால்ஸ்பெர்க்கில் ஹிட்லரின் மாளிகை இருந்ததால் விருந்தாளிகளை வரவேற்க இத்தனை ஆடம்பரம். 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் அந்த மாளிகை வளாகத்தைக் குண்டு போட்டு நொறுக்கின. அங்கே இப்போது அந்த ஆட்சியின் வரலாற்றைச் சொல்லும் ஆவணக் காட்சியகம் இருக்கிறது, 1999இல் திறந்தது. தம்பிக்கு அதையும் பார்த்துவிட ஆசை. அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “அதுக்கு வேற நாள் வாங்கோ தம்பி. ரெண்டையும் ஒரு நாளில பாக்கிறது சரியில்லை.” அவர் சொன்னது நேரத்தைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குப் பட்டது.

ரயிலடியிலிருந்து பத்து நிமிடப் பேருந்து. இறங்கியதும் படகுத்துறை வரை கடைவீதி. இந்த ஐந்து நிமிட நடையை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடக்க வேண்டும். பீர் குவளை, தோல் அரைக்கால்சட்டை, குயில் கூவும் கடிகாரம். அந்தக் கடிகாரம் நாட்டின் தென்மேற்குக் கோடியிலிருக்கும் கருங்காட்டுச் சரக்கு. இந்த ஊருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இந்த ஊருக்கென்று நிஜமாகவே இருப்பது உப்பு. 1517லிருந்து இன்றுவரை வெட்டுகிறார்கள். கணக்கின் மனைவி மூலிகை கலந்த ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

வீதி முடிகிற இடத்தில் ஏரி. படகுத்துறையிலிருந்து பார்த்தால் உண்மையில் ஏமாற்றம்தான். ஏரி ஒரு பக்கம் திரும்பி ஒளிந்துகொள்கிறது, அதன் பத்தில் ஒரு பங்குகூடத் தெரியாது. கிழக்குக் கரையில் கொஞ்சம் நடந்தால் ‘ஓவியர் முனை’ என்று ஒரு திருப்பம் வரும். அங்கிருந்துதான் ஏரி நீளவாக்கில் விரிந்து, தூரத்தில் சாங்க்ட் பார்த்தலோமே தேவாலயத்தின் சிவப்புக் கூரை தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் வரிசை கட்டி உட்கார்ந்த இடம். இந்த மலைகளின் அரசனான வாட்ஸ்மன் சிகரத்தை வரைந்தவர்களில் புகழ் பெற்றவர் காஸ்பர் டேவிட் ஃப்ரெடரிக். அவருடைய ‘வாட்ஸ்மன்’ இப்போது பெர்லினில் தொங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் அவர் இந்தப் பக்கமே வந்ததில்லை. தன் மாணவர் ஒருவர் வரைந்துவைத்திருந்த படத்தைப் பார்த்து 1824–25இல் தீட்டியது. நேரில் பார்த்தவர்கள் வரைந்ததைவிட அதுதான் மலை மாதிரி இருக்கிறது என்பது என் கட்சி.

படகு நீளமான மரப்படகு. வார்னிஷ் பளபளக்கும் பலகை இருக்கைகள், இழுத்துவிடக்கூடிய சன்னல்கள். கட்டவிழ்த்துக் கிளம்பியபோது கிளம்பியதே தெரியவில்லை. கரைதான் பின்னால் போயிற்று. எல்லாமே மின்சாரப் படகுகள். இரவெல்லாம் மின்கலத்தை நிரப்பிக்கொண்டு பகலெல்லாம் ஓடுகின்றன. “ஓ, இப்ப எல்லாம் எலெக்ட்ரிக்கா மாத்திட்டாங்களா?” என்றான் தம்பி. இப்போது அல்ல, 1909இல். அப்போது பவேரியாவின் ஆட்சியை நடத்திக்கொண்டிருந்தவர் இளவரசர் லூயிட்போல்ட். வேட்டைப் பிரியர். ஏரிக்கரைக் காடுகள் அரச குடும்பத்தின் வேட்டைக் களம். எண்ணெய் இயந்திரப் படகு விட்டால் அதன் சத்தத்தில் மான்கள் ஓடிவிடுமே என்பதுதான் கவலை. சுட்டுக் கொல்வதற்காக மான்களை அமைதியாக வைத்திருக்க எடுத்த முடிவு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏரியை எண்ணெய்ப் படலம் இல்லாமல் காப்பாற்றியிருக்கிறது. தண்ணீர் குடிக்கிற தரத்தில் இருக்கிறது. இயற்கை ஆர்வலர் யாராவது அன்றைக்கு மனு கொடுத்திருந்தால் இத்தனை சுலபமாகக் காரியம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஏரியின் குறுகிய இடத்தில் ஃபால்கன்ஸ்டைன் பாறைச்சுவர். அதில் ஒரு சிவப்புச் சிலுவை. 1688 ஆகஸ்டில் யாத்திரிகர்களை ஏற்றிவந்த படகு இந்த இடத்தில் கவிழ்ந்து எழுபது பேரளவில் மூழ்கிப்போனார்கள். ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து ‘கற்கடல்’ என்ற மலைப்பரப்பைத் தாண்டி வருகிற யாத்திரை இன்றைக்கும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டிய சனிக்கிழமையில் நடக்கிறது. படகோட்டி இதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றினார். முதல் உலகப் போர்க் காலத்தில் இதே சுவரில் போர் நினைவுச் சின்னமாக ஒரு ராட்சதச் சிங்கத்தைச் செதுக்கத் திட்டம் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. சிங்கம் வரவில்லை, 1921இல் ஏரியைச் சுற்றிய நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. அந்தச் சுவரில் சிங்கத்தைக் கற்பனை செய்து பார்த்தேன். சிலுவை ஒரு புள்ளியாகத் தெரிகிற அந்தப் பாறைக்கு அந்தப் புள்ளியே போதும்.

சிறிது தூரம் போனதும் படகு நின்றது. எதிரொலிப் பாறை. படகோட்டி சுக்கானை விட்டுவிட்டு இருக்கைக்கு அடியிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்தார். பித்தளை மங்கி, வாய்ப்பக்கம் மட்டும் துடைத்துத் துடைத்து மின்னியது. அகன்ற விளிம்பில் எப்போதோ அடிபட்ட நசுங்கல். சின்ன விசையை அழுத்தி உள்ளே தேங்கிய ஈரத்தைத் தரையில் சொட்டவிட்டார், உதட்டை நாலு தடவை நனைத்துக்கொண்டார், பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே பார்த்து ஒரு வரி ஊதினார். நிறுத்தினார். அதே வரியைப் பாறை திருப்பி வாசித்தது, அவரைவிடக் கொஞ்சம் மெல்லிய குரலில், பிசிறில்லாமல். அடுத்த வரி. மறுபடி பதில். படகில் அத்தனை பேரும் இருந்தும் ஒரு செருமல் இல்லை. அவருடைய சுவாசம் முடியும் இடத்திலேயே பாறையும் மூச்சை முடித்துக்கொண்டது. முற்காலத்தில் இதே இடத்தில் வெடி வெடிப்பார்களாம். ஏழு முறை வரை எதிரொலிக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ட்ரம்பெட்டே போதும் என்று யாரோ முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று.

வாசித்து முடித்துவிட்டு ஏதோ சொன்னார், படகே சிரித்தது. முப்பது வருடமாக ஜெர்மனியில் இருக்கும் அக்காவைப் பார்த்தோம். “இவர் கதைக்கிறது ஜெர்மன் இல்லையப்பா, பவேரியன். எனக்கே பாதிதான் விளங்குது. மேல பாறைக்குப் பின்னால இன்னொருத்தர் இருந்து வாசிக்கிறாராம், அவருக்கும் சேர்த்துப் போடட்டாம்.” பணம் வாங்கத் தொப்பி சுற்றி வந்தது. கணக்கு பர்ஸைத் திறந்து யோசித்ததைப் பார்த்து அவன் மனைவி தானே ஒரு தாளை எடுத்துப் போட்டார்.

சாங்க்ட் பார்த்தலோமே தேவாலயத்தைப் படத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. நாட்காட்டி, சாக்லேட் டப்பா எல்லாவற்றிலும் இருக்கிறது. 1134இல் முதல் சிற்றாலயம் கட்டினார்கள். இப்போதைய பரோக் வடிவம் 1697இல் வந்தது. வெள்ளைச் சுவர், வெங்காய வடிவில் இரண்டு சிவப்புக் குவிமாடங்கள், பின்பக்கம் மூன்று அரைவட்டங்கள். ஆலயம் அழகுதான். ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற சுவரைப் பார்த்த பிறகு ஆலயத்தின் மேல் கண் நிற்காது. வாட்ஸ்மனின் கிழக்கு முகம். 2,713 மீட்டர் சிகரத்திலிருந்து ஒரே சரிவாக இறங்கும் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரப் பாறை. கிழக்கு ஆல்ப்ஸில் இதைவிட உயரமான சுவர் இல்லை. 1881இல் உள்ளூர் வழிகாட்டி யோஹான் கிரில், ஓட்டோ ஷூக் என்பவரை அழைத்துக்கொண்டு முதன்முதலில் இதில் ஏறினார். அதற்குப் பிறகு இதில் உயிர்விட்டவர்கள் நூறு பேருக்கு மேல்.

இந்த மலைக்கு ஒரு கதை உண்டு. வாட்ஸ்மன் என்று ஒரு கொடுங்கோல் அரசன், மனைவி மக்களோடு வேட்டைக்குப் போனபோது ஒரு ஏழைக் குடும்பத்தைக் குதிரையால் மிதித்துக் கொன்றானாம். சாபத்தில் குடும்பத்தோடு கல்லாகிப்போனான். பெரிய சிகரம் அவன், பக்கத்துச் சிகரம் மனைவி, நடுவில் வரிசையாக நிற்கும் சின்னச் சிகரங்கள் பிள்ளைகள். “அவன் பண்ணதுக்குப் புள்ளைங்க என்னண்ணே பண்ணும்?” என்று தம்பி நியாயம் கேட்டான். கதை சொன்ன அக்காவிடம் பதில் இல்லை.

இந்தச் சிகரத்துக்குக் கம்பிவடப் பாதை போடவும் ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் பேசிப் பேசித்தான் 1978இல் பெர்க்டஸ்காடன் தேசியப் பூங்கா உருவானது. 208 சதுர கிலோமீட்டர். ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மனிக்கு இருக்கும் ஒரே தேசியப் பூங்கா. ஏரியின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆக, வராத இயந்திரப் படகு, வராத சிங்கம், வராத கம்பிவடம். இங்கே நாம் காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி பெரும்பாலும் இந்த வராதவற்றால் ஆனது.

ஆலயத்துக்குப் பக்கத்தில் மீனவர் வீடு. ஏரியின் சிவப்பு வயிற்று சார் மீனைப் புகையில் காயவைத்து விற்கிறார்கள். சிறிய மீன்களுக்கு ‘கறுப்புக் குதிரைவீரன்’ என்று பட்டப்பெயர். தாளில் சுற்றித் தந்ததைப் பிரித்தால் தோல் கருத்துச் சுருங்கி, உள்ளே சதை வெளிர் செம்மஞ்சளாக இருந்தது. உப்பும் மரப்புகையும் தவிர வேறொன்றும் சேர்க்கவில்லை. முள்ளை ஒரே இழுப்பில் உருவிவிடலாம். அக்கா வாலிலிருந்து தலைவரை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, “கொஞ்சம் தேசிக்காய் இருந்திருக்கோணும்” என்று மட்டும் சொன்னார். கணக்கின் மனைவி சைவம். எங்கள் மீன் விமர்சனங்களைக் கேட்டபடி வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைத் திறந்தார். கடைசியில் எல்லோரும் அதற்கும் கை நீட்டினோம்.

பெரும்பாலான சுற்றுலாக் கூட்டம் இங்கேயே படம் எடுத்துத் திரும்பிவிடுகிறது. படகு அடுத்த துறையான சாலெட்டுக்கும் போகிறது, கோடை மாதங்களில் மட்டும். தயவுசெய்து போங்கள். சாலெட்டில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் இன்னொரு ஏரி, ஓபர்சே. 12ஆம் நூற்றாண்டில் மலை சரிந்து விழுந்து பெரிய ஏரியிலிருந்து இதைப் பிரித்துவிட்டது என்கிறார்கள். நடக்கிற பாதையில் கிடக்கும் வீடளவு பாறைகளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. இங்கே படகும் இல்லை, கடையும் இல்லை. கரையில் மரத்தாலான ஒரு படகுக் கொட்டகை, அதன் தலைகீழ் நிழல், எதிர்க்கோடியில் மலைச்சுவரில் வெள்ளை நூலாக ரோத்பாக் அருவி. 470 மீட்டர், ஜெர்மனியின் மிக உயரமான அருவி. ஆனால் கொட்டகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள நீளமான வரிசை. வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண் இருபது தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கேமராவுக்கு நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள், அருவியைத்தான் யாரும் பார்க்கவில்லை.

கரையோரப் பாதையில் முக்கால் மணி நேரம். பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. கணக்குக்கு மூச்சு வாங்கியது; தம்பி முன்னால் போய்ப் போய் எங்களுக்காகக் காத்திருந்தான். மறுகோடியில் ஃபிஷுங்கல் ஆல்ம் என்ற கோடைக்கால மாட்டுக் கொட்டில். ஜூன் மாதம் மாடுகளை மலைக்கு ஓட்டிவந்து செப்டம்பர் முடிய மேய்ப்பார்கள். ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, மோர். மரப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் குவளையில் மோரை வாங்கிக் குடித்தோம். திக்கான, குளிர்ந்த, சற்றுப் புளித்த மோர். கணக்கின் மனைவி கைப்பையைத் திறந்து காலையில் வாங்கிய உப்புப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை போட்டார். எல்லோர் குவளையும் அவர் பக்கம் நகர்ந்தது. பக்கத்து மேசைத் தாத்தா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடமும் பொட்டலத்தை நீட்ட, போட்டுக் குடித்துப் பார்த்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிடித்ததா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

அந்தத் தாத்தாதான் மாடு இறங்கும் நாளைப் பற்றிச் சொன்னார். அக்டோபர் வாக்கில் மாடுகள் ஊர் திரும்ப வேண்டும். ஆனால் ஏரியைச் சுற்றி வழி கிடையாதே? மாடுகளையும் படகில்தான் ஏற்றுகிறார்கள். சாலெட்டில் தட்டையான தெப்பப் படகுகளில் நிறுத்தி ஏரி நெடுகக் கொண்டுவந்து இறக்குவார்கள். கரையேறிய பிறகு ஊசியிலை மர நுனிகளில் வண்ண மரச்சீவல் பூக்களைக் கட்டிச் செய்த கிரீடத்தைத் தலையில் சூட்டி ஊர்வலம். அதிலும் ஒரு கண்டிப்பு. அந்தக் கோடையில் மாட்டுக்கோ வீட்டு மனிதருக்கோ பெரிய கெடுதல் நேர்ந்திருந்தால் கிரீடம் கிடையாது. மாடுகள் வெறுந்தலையோடு வீடு போகும்.

அருவியின் அடிவாரம் இன்னும் அரை மணி நடை. போனோம், நனைந்தோம், வந்தோம். கோடைக் கடைசியில் தண்ணீர் குறைவு. தூரத்திலிருந்து பார்த்ததுதான் அழகு.

திரும்பும்போது சாலெட் துறையில் நீண்ட வரிசை. கடைசிப் படகைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று தம்பி கேட்டான். இருட்டில் மலையேறிப் போக வேண்டும், அல்லது தங்க வேண்டும். தங்க விடுதி இல்லை. படகில் இடம் கிடைத்ததும் அக்கா 1964 ஜனவரிக் கதையைச் சொன்னார். ஏரி உறைந்திருந்த அந்தக் குளிர்காலத்தில் ஒருவர் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைப் பனிமேல் ஓட்டிக்கொண்டு போனார். பனி உடைந்து காரும் அவரும் மூழ்கினார்கள். காரைத் தண்ணீருக்கடியில் கண்டுபிடித்தது 1997இல். ஏரி முழுசாக உறைவது இப்போதெல்லாம் அபூர்வம்; 2006இல் உறைந்து மக்கள் நடந்து போயிருக்கிறார்கள். சன்னல் வழியாகக் கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டேன். விரல் மரத்துப்போனது.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, கோடையில் முதல் படகு காலை எட்டு மணிக்கு. பத்துக்கு மேல் போனால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். சாலெட்டில் இறங்கியவுடன் கடைசிப் படகு நேரத்தைப் பலகையில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, இணையத்தில் கோனிக்சே என்று தேடினால் அருவி உச்சியில் இயற்கையாக அமைந்த குளத்தில் யாரோ குளித்துக்கொண்டிருக்க, கீழே ஏரி தெரிகிற படம் வரும். அது கோனிக்ஸ்பாக் அருவி. 2019இல் இரண்டு இளைஞர்கள் அந்தக் குளத்தில் மூழ்கி இறந்தார்கள். படத்துக்காக வந்த கூட்டம் செடிகொடிகளை மிதித்துப் புதிது புதிதாகப் பாதை போட்டுவிட்டது. 2021இல் தேசியப் பூங்கா நிர்வாகம் அந்த இடத்தை மூடியது. அந்தக் குளத்துக்கு வழி தேடாதீர்கள், வழி தெரிந்தாலும் போகாதீர்கள், அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.